சமூக ஊடகமும் சட்டமும் நம் கடமையும்

(நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி மலைக்கோட்டைப் பகுதியில் நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாவில் பேசுவோர் சங்கத்தின் சாதனைகளை எடுத்துரைப்பது வழக்கம். அதனைச் செயலாளர் தமது ஆண்டறிக்கையில் செவ்வனே செய்துவிட்டார். ஆகவே எனக்கு அளிக்கப்பட்ட பொருளுக்கே நேராக வருகிறேன். நம் சங்கம் தோன்றிய காலத்தில்தான் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அன்று நம் மாலை வகுப்பில் ஒரு கணிப்பொறிகூட இல்லை. இன்று கைப்பேசி இல்லாத மாணவரைக் காண்பது அரிது. முகநூலிலும் யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் நம் பிள்ளைகள் நாள்தோறும் வாழ்கிறார்கள். அங்கே எவர் பேசலாம், எது நீக்கப்படும், அதனை முடிவு செய்வது யார் என்பவை நமக்குத் தொடர்பற்ற கேள்விகள் அல்ல.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். நம் மாலை வகுப்பில் பயின்று கல்லூரிக்குச் சென்ற மாணவி ஒருத்தி, பெயர் வேண்டாம். அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளன்று நாம் எடுத்த விழாவின் படத்தைத் தன் சமூக ஊடகப் பக்கத்தில் வெளியிட்டாள். மாலைக்குள் முகமறியாத நால்வர் அப்படத்தின் கீழ் சாதிப் பெயர் சொல்லி ஏசினார்கள். ஒருவன் ஒரு சொல்லும் எழுதவில்லை; செருப்பின் படத்தையும் அரிவாளின் படத்தையும் மட்டும் இட்டான். அவள் அந்நிறுவனத்திடம் முறையிட்டாள். விதிமீறல் எதுவும் இல்லை என்று இயந்திரம் எழுதிய விடை வந்தது. மனம் பொறாமல், அவ்வசைச் சொற்களை எடுத்தெழுதி, இப்படித்தான் எங்களை ஏசுகிறார்கள் என்று ஒரு பதிவு இட்டாள். மறுநாள் காலை அவளுடைய பதிவு நீக்கப்பட்டிருந்தது. கணக்கும் ஒரு வாரத்துக்கு முடக்கப்பட்டிருந்தது. ஏசியவர்களின் சொற்களோ அங்கேயே இருந்தன. "ஐயா, ஏசியது அவர்கள், தண்டனை எனக்கா?" என்று என்னிடம் வந்து கேட்டாள். அன்று அவளுக்குச் சரியான விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. தாமதமாகவேனும் அவ்விடையை இன்று சொல்ல முயல்கிறேன்.

வாயிற்காவலர் பலர்

பேச்சுரிமையைப் பறிப்பது அரசு ஒன்றே என்று படித்தவர் பலர் எண்ணுகிறார்கள். நம் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1920-இல் அண்ணல் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியபோது, பூனாவில் வெளிவந்த 'கேசரி' இதழ், கட்டணம் செலுத்த முன்வந்தும் அதன் விளம்பரத்தை வெளியிட மறுத்தது. 1936-இல் லாகூரில் இருந்த சாதி ஒழிப்புச் சங்கம் ஒன்று அவரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையின் படியைக் கண்டதும் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அவர் ஒரு காற்புள்ளியையும் மாற்ற இசையவில்லை. மாநாடே கைவிடப்பட்டது. அவ்வுரையை அவர் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். இவ்விரண்டையும் செய்தவை அரசாங்கங்கள் அல்ல. ஒன்று ஒரு செய்தித்தாள். மற்றொன்று சீர்திருத்தம் பேசிய சங்கம்.

தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். பிறருடைய ஏடுகளில் நம் குரலுக்கு இடமில்லாமையால் இரட்டைமலை சீனிவாசனார் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ஒரு பைசா விலையில் 'ஒரு பைசாத் தமிழ'னைக் கொணர்ந்தார். வாயிலில் நிற்பவன் கதவைத் திறக்கவில்லை என்றதும் அவர்கள் தமக்கென ஒரு வாயிலை அமைத்துக்கொண்டார்கள்.

இன்றைய சமூக ஊடகம் அவ்வாயிலை எல்லோருக்கும் திறந்துவிட்டது போலத் தோன்றுகிறது. ஓரளவுக்கு அது உண்மையே. ஆனால் கதவு இன்னும் நம்முடையதன்று. அதன் உரிமையாளர் கடல் கடந்து இருக்கிறார். அவருடைய காவலாளி ஓர் இயந்திரம். அதற்குத் தமிழ் அரைகுறையாகத் தெரியும். ஊர் வழக்கு தெரியாது. நம் தெருவில் எந்தப் படம் எந்த இழிவைக் குறிக்கும், மணிக்கட்டில் கட்டிய வண்ணக் கயிறு என்ன பேசும் என்பது அதற்கு எப்படித் தெரியும்? 2023-இல் நாங்குநேரியில் நம் மாணவன் ஒருவன் வீட்டிலேயே வெட்டப்பட்ட பின்னர், நீதியரசர் சந்துரு அவர்கள் தலைமையில் அரசு அமைத்த குழு 2024-இல் தந்த அறிக்கை, இத்தகைய கயிறுகளையும் அடையாளங்களையும் பள்ளிகளில் தடை செய்யச் சொன்னது. சாதி சொல்லில் மட்டும் இல்லை, குறியிலும் இருக்கிறது என்பதை ஓர் அரசுக் குழு உணர்ந்துவிட்டது. இயந்திரம் இன்னும் உணரவில்லை. 2018-இல் முகநூலும் 2019-இல் யூடியூபும் வெறுப்புப் பேச்சு பற்றிய தம் விதிகளில் 'சாதி' என்னும் சொல்லைச் சேர்த்துக்கொண்டன. ஏட்டில் ஏறியது நாட்டில் நடக்கிறதா என்பதே கேள்வி.

ஒரே திருத்தத்தில் இரண்டு வரங்கள்

அப்படியானால் அரசே தலையிட்டு எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தட்டும் என்று சொல்லத் தோன்றும். இங்கேதான் இளைஞர்கள் நிதானிக்க வேண்டும்.

1950-இல் சென்னை அரசு 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் பம்பாய் வார இதழ் மாகாணத்தில் நுழைவதைத் தடை செய்தது. உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு மே 26-இல் அத்தடையை நீக்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், செண்பகம் துரைராஜன் வழக்கில், கல்லூரிச் சேர்க்கைக்கான சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை அதே நீதிமன்றம் செல்லாது என்றது. இரண்டும் நம் மாநிலத்து வழக்குகள். இவ்விரண்டுக்கும் பிறகு 1951 ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. அண்ணல் அப்போது சட்ட அமைச்சர். அத்திருத்தந்தான் 15(4) என்னும் உட்பிரிவைத் தந்து, நம் பிள்ளைகள் கல்லூரிப் படி ஏறுவதற்கான சிறப்பு ஏற்பாடுகளுக்கு அரண் அமைத்தது. அதே திருத்தந்தான் 19(2)-இல் பொது ஒழுங்கு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகியவற்றைக் காரணம் காட்டிப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தையும் அரசுக்குத் தந்தது. ஆனால் அக்கட்டுப்பாடு 'நியாயமான'தாய் இருத்தல் வேண்டும் என்னும் ஒரு சொல்லும் உடன் சேர்ந்தது. கல்விக்கான நம் உரிமையும் பேச்சின் எல்லையும் ஒரே தொட்டிலில் வளர்ந்தவை. ஆகவே அரசின் கை நமக்கு வேண்டாம் என்று நாம் சொல்ல இயலாது. அக்கை நியாயமானதாக இருக்க வேண்டும் என்று சொல்லாமல் விடவும் இயலாது.

'நியாயமான' என்னும் சொல்லை மறந்த சட்டம் என்ன செய்யும் என்பதற்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு சான்று. இணையத்தில் பிறருக்கு எரிச்சலூட்டும்படி எழுதினாலும் மூன்றாண்டுவரை சிறை என்றது அது. 2012-இல் புதுச்சேரியைச் சேர்ந்த ஒருவர் அரசியல் பிரமுகரின் மகனைப் பற்றிச் சில வரிகள் எழுதியதற்காகக் கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு மராட்டியத்தின் பால்கரில், ஒரு தலைவரின் மறைவுக்காக நகரம் அடைக்கப்பட்டதைப் பற்றி முகநூலில் எழுதிய பெண்ணும், அதனை விரும்பியதாகக் குறித்த அவள் தோழியும் கைதானார்கள். 2015 மார்ச் 24-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை அடியோடு நீக்கியது. விவாதித்தல் வேறு, ஒரு கருத்தை ஆதரித்தல் வேறு, குற்றத்துக்குத் தூண்டுதல் வேறு. மூன்றாவதைத்தான் சட்டம் தடுக்கலாம் என்று தெளிவுபடுத்தியது. அதன் பின்னரும் காவல் நிலையங்களில் அப்பிரிவின் கீழ் வழக்குகள் பதிவாயின என்பதும், 2022-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது என்பதும் நாம் மறக்கக்கூடாதவை.

எரிச்சல் ஊட்டுவது குற்றம் என்றால் முதலில் குற்றவாளியாவது யார்? ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் எடுப்பேன் என்றவன் ஊராருக்கு எரிச்சல் ஊட்டினான். செருப்பணிந்து தெருவில் நடந்தவன் எரிச்சல் ஊட்டினான். நம் விடுதலையின் ஒவ்வொரு படியும் எவருக்கோ எரிச்சல் ஊட்டியே வந்திருக்கிறது.

சுவரும் சுவரொட்டியும்

இப்போது சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைக் காண்போம். மெயின்கார்டு கேட்டருகே ஒருவருக்குச் சொந்தமான நீண்ட சுவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரவோடிரவாக எவனோ ஒருவன் அதில் இழிவான சுவரொட்டி ஒட்டிவிட்டான். சுவருக்கு உடையவர் குற்றவாளியா? இல்லை; அவருக்குத் தெரியாது. தெரிவித்த பின்னும் கிழிக்காமல் விட்டால் அவரும் பொறுப்பாளிதான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு ஏறக்குறைய இதைத்தான் சொல்லுகிறது. சமூக ஊடக நிறுவனங்களை அது 'இடைநிலையாளர்' என்று அழைத்து, பிறர் எழுதியதற்கான பொறுப்பிலிருந்து காப்பு அளிக்கிறது. நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ வந்த பின்னும் நீக்காவிட்டால் அக்காப்பு போய்விடும். தனி ஒருவர் முறையிட்டதாலேயே காப்பு போய்விடாது என்பது 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் விளக்கம்.

ஆனால் சமூக ஊடகம் வெறும் சுவர் அன்று. எந்தச் சுவரொட்டியை நுழைவாயிலில் ஒட்டுவது, எதனை மூலையில் மறைப்பது என்பதை அதன் இயந்திரமே தேர்ந்தெடுக்கிறது. கூட்டம் கூடும் ஒட்டியையே முன்னே வைக்கிறது. ஏச்சுக்குக் கூட்டம் கூடும் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

அந்தக் கூட்டம் தெருவுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை 2019 ஏப்ரலில் நமக்கு அண்மையிலேயே கண்டோம். புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில், ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசும் ஒலிப்பதிவு வாட்ஸ்அப் வழியே பரவியது. மக்கள் காவல் நிலையத்தை முற்றுகையிட்டனர்; வன்முறை மூண்டது; 144 தடையாணை பிறப்பிக்கப்பட்டது. கைப்பேசியில் கேட்ட ஒரு குரல் ஓர் ஊரையே கொந்தளிக்கச் செய்தது. பேச்சு பேச்சோடு போயிற்று என்று சொல்லும் நிலை இன்று இல்லை.

2021 பிப்ரவரியில் மத்திய அரசு புதிய விதிகளைக் கொணர்ந்தது. 50 இலட்சத்துக்கு மேற்பட்ட பயனர்களை உடைய நிறுவனங்கள் இந்தியாவிலேயே வசிக்கும் குறைதீர்ப்பு அலுவலரை அமர்த்த வேண்டும்; தாமாக ஒருவருடைய பதிவை நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும்; மறுப்புரைக்க வாய்ப்பும் தர வேண்டும். 2022 அக்டோபரில் வந்த திருத்தத்தின்படி, நிறுவனத்தின் முடிவில் நிறைவு கொள்ளாதவர் 30 நாட்களுக்குள் அரசு அமைத்த மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையவழியே முறையிடலாம். 2023 சனவரியில் அத்தகைய குழுக்கள் மூன்று அமைக்கப்பட்டன. இதற்கு வழக்குரைஞர் தேவையில்லை. என்னிடம் வந்த மாணவிக்கு இவ்வழி இருந்தது. அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இவ்விதிகளில் நமக்குள்ள குறையையும் சொல்லுகிறேன். பாலினத்தின் பெயரால் இழிவுபடுத்துவதும் துன்புறுத்துவதும் நீக்கத்தக்கவை என்று விதி வெளிப்படையாகவே கூறுகிறது. சாதியைப் பற்றிக் கூறும்போதோ, 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் வன்முறையைத் தூண்டும் நோக்கத்துடன் பகைமை வளர்ப்பதை மட்டுமே குறிப்பிட்டது. வன்முறைக்கு அழைக்காமல் ஒரு மாணவியைச் சாதி சொல்லி ஏசினால், பிற சட்டங்களை மீறியது என்னும் பொதுப் பிரிவைத்தான் தேடிச் செல்ல வேண்டும். அதே திருத்தம், குடிமக்களின் அரசியலமைப்பு உரிமைகளை நிறுவனங்கள் மதிக்க வேண்டும் என்று கூறி, 14, 19, 21 ஆகிய உறுப்புகளைப் பெயர் சொல்லிக் குறித்தது. தீண்டாமையை ஒழித்த 17-ஆம் உறுப்பு அவ்வரிசையில் பெயர் பெறவில்லை. விலக்கப்பட்டது என்று நான் சொல்லவில்லை. நினைவுக்கு வரவில்லை என்கிறேன். நம்மைப் பொறுத்தவரை இரண்டுக்கும் விளைவு பெரிதும் வேறன்று. இதனைச் சேர்க்கும்படி கேட்பது நம் நியாயமான கோரிக்கை.

இருமுனைக் கத்தி

எனினும் அரசின் அதிகாரம் வளரும் போக்கையும் பார்க்க வேண்டும். 2021-ஆம் ஆண்டு விதிகள் அரசின் நீக்க ஆணையை நிறைவேற்ற 36 மணி நேரம் தந்தன. 2026 பிப்ரவரியில் வந்த திருத்தம் அதனை 3 மணி நேரமாகச் சுருக்கியது. அந்தரங்கப் படத்தால் மானம் இழக்கும் பெண்ணுக்கு விரைவு உயிர்காப்பு. அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஊராட்சித் தலைவரின் ஊழலையோ காவலில் அடிபட்ட இளைஞனின் படத்தையோ ஒருவர் வெளியிட்டால், அதனையும் 3 மணி நேரத்தில் நீக்கச் சொல்ல இயலும். அவ்வளவு குறுகிய நேரத்தில் எந்த நிறுவனம் நின்று ஆராயும்? நீக்கிவிடுவதே பாதுகாப்பு என்று கருதும். 69-ஏ பிரிவின் கீழ் பிறப்பிக்கப்படும் தடையாணைகளை மறைவாக வைக்க 2009-ஆம் ஆண்டு விதிகளே இடம் தருகின்றன. காரணம் தெரியாத ஆணையை எதிர்த்து வழக்காடுவது எப்படி?

அரசைப் பற்றிய செய்தி பொய்யா மெய்யா என்பதை அரசின் பிரிவே முடிவு செய்யும் என்று 2023-இல் ஒரு திருத்தம் வந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அதனைச் செல்லாது என்றது. மறுபுறம், 'சகயோக்' என்னும் அரசு இணையவாயில் வழியே நீக்க ஆணைகள் வருவதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. வழக்கு வழக்காக எல்லை வரையப்பட்டு வருகிறது.

முழுத்தடையும் நமக்கு நன்மை தந்ததில்லை. 2019 ஏப்ரல் 3-இல் மதுரைக் கிளை நீதிமன்றம் டிக்டாக் செயலியைத் தடை செய்யச் சொல்லி, 24-ஆம் நாள் அத்தடையை நீக்கியது. பின்னர் 2020 ஜூனில் மத்திய அரசு நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி அதனை முற்றிலும் தடுத்தது. அதில் சாதிப் பெருமை பேசி அரிவாள் சுழற்றியவர்கள் இருந்தார்கள். வேறு மேடையே கிட்டாத ஏழைக் கலைஞர்களும் இருந்தார்கள். தடை இருவரையும் ஒன்றாகவே வெளியேற்றியது. வெறுப்பாளர்கள் வேறு தளத்தில் குடியேறிவிட்டார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 பிப்ரவரி முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள சட்டம், ஒரு பதிவை நீக்கும் நிறுவனம் அதற்கான காரணத்தைப் பயனருக்குத் தெளிவாக எழுதித் தர வேண்டும் என்கிறது; பெரிய நிறுவனங்கள் தம் இயந்திரங்களால் விளையும் தீங்குகளைத் தாமே ஆய்ந்து அறிவிக்கவும் வேண்டும் என்கிறது. எதனை நீக்குவது என்று அரசு நாள்தோறும் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, எப்படி நீக்கினாய் என்று கேட்டு விடை பெறுவதே நமக்கும் உகந்த வழி என்பது என் கருத்து.

நம் கையில் உள்ள சட்டம்

இளைஞர்களே, புதிய விதிகளைவிட உறுதியான ஒரு சட்டம் நம்மிடம் முன்பே இருக்கிறது. அது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் பட்டியல் இனத்தவரையும் பழங்குடியினரையும் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதும், சாதிப் பெயர் சொல்லி ஏசுவதும், இம்மக்கள்மீது பகையும் வெறுப்பும் வளர்ப்பதும், நாம் போற்றும் மறைந்த தலைவர்களை அவமதிப்பதும் அதன் 3-ஆம் பிரிவில் குற்றங்கள். இணையம் பொதுப் பார்வைக்குட்பட்ட இடமா? பழங்குடிப் பெண் ஒருவரை யூடியூப் நேர்காணலில் இழிவுபடுத்தியதான வழக்கில், ஆம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் கூறியது. அதன் எல்லையையும் அறிந்திருங்கள். நம்மவர் ஒருவரைப் பற்றி அவதூறு சொன்னது மட்டும் போதாது, சாதியின் காரணமாக இழிவுபடுத்தியிருக்க வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மற்றொரு யூடியூப் வழக்கில் தீர்த்தது. இச்சட்டத்தைப் பொய்யாகவோ அவசரமாகவோ பயன்படுத்தி அதன் கூர்மையை நாமே மழுக்கிவிடலாகாது.

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். அம்மாணவிக்காகக் காவல் நிலையம் செல்லலாமா வேண்டாமா என்று நான் பத்து நாள் யோசித்தேன். அதற்குள் ஏசியவர்கள் தம் சொற்களை அழித்துவிட்டார்கள். எங்களிடம் ஒரு படமும் இல்லை. சட்டம் இருந்தது, சான்று இல்லை.

ஆகவே செய்ய வேண்டியவற்றைச் சுருங்கச் சொல்லுகிறேன். ஏச்சைக் கண்டவுடன் விடை எழுதாதீர்கள். முதலில் திரையைப் படமெடுங்கள். நாள், நேரம், கணக்கின் பெயர், இணைய முகவரி ஆகியவை அதில் தெரிய வேண்டும். அந்தக் கைப்பேசியை மாற்றாமலும் அழிக்காமலும் வையுங்கள். மின்னணுச் சான்றுக்கு நீதிமன்றத்தில் சான்றிதழ் தேவைப்படும். பிறகு நிறுவனத்திடம் முறையிட்டு, முறையீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விடை நிறைவளிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். குற்றமாயின் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் தந்து, முதல் தகவல் அறிக்கையின் படியைக் கேட்டுப் பெறுங்கள். வன்கொடுமை வழக்கைக் காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்ய வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 14566 என்னும் தேசிய உதவி எண்ணும் உண்டு.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நம் மாலை வகுப்பில் வாரம் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்குங்கள். முறையீடு எழுதத் தெரிந்த இரண்டு இளைஞர்களை அமர்த்தி, வரும் முறையீடுகளை ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள். நூறு முறையீடுகளும் அவற்றுக்கு வந்த விடைகளும் கையில் இருந்தால், நாளை அரசு விதிகளைத் திருத்தக் கருத்துக் கேட்கும்போது நம் சங்கம் வெறுங்கையோடு நிற்காது. பண்டிதர் அச்சுக்கோத்து ஏடு நடத்தினார். நமக்கு ஒரு பதிவேடு நடத்தவா இயலாது?

இறுதியாக, ஏசுபவனுக்கு ஏச்சால் விடை சொல்லாதீர்கள். அது கோழைத்தனம் என்பதால் அன்று. இயந்திரத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றாகிவிடும் என்பதால்.

அம்மாணவி இவ்வவையில் அமர்ந்திருக்கிறாள். அம்மா, உன் கேள்விக்கு என் விடை இது: தண்டனை உனக்கு வந்தது அநியாயம், அதனை எதிர்க்க வழி இருந்தது, அவ்வழியைச் சொல்லித் தரவேண்டிய நாங்கள் படிக்காமல் இருந்துவிட்டோம். இப்போது படித்துவிட்டோம். அடுத்த ஏப்ரல் 14-இலும் நீ படம் வெளியிட வேண்டும். உன் பின்னே சங்கத்தின் பதிவேடு திறந்திருக்கும்.